‘கடற்கொள்ளைக்காரன்’ கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

பொம்மசந்திராவில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால், கிழக்கே சென்னைக்குப் போனாலும் மேற்கே மங்களூருக்குப் போனாலும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆயினும் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கடற்கரைப் பேச்சு எப்படியோ வந்துவிடுகிறது. இப்போது அந்தப் பேச்சைத் தொடங்குபவர்கள் பிள்ளைகள். கைப்பேசியில் ஒரு காட்சி பார்க்கிறார்கள். கறுப்புக் கொடி கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வருகிறது. ஒரு கண்ணைப் பட்டையால் மறைத்துக்கொண்டவர்கள் கத்தியும் கையுமாகக் கரையில் குதிக்கிறார்கள். ஊரே கை தட்டுகிறது. “இதற்கு நாமும் போகலாமா?” என்று கேட்கிறார்கள்.

அது அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரத் திருவிழா. கஸ்பரில்லா என்று பெயர். 1904ஆம் ஆண்டு தொடங்கியது. வழக்கமாக ஜனவரிக் கடைசியில் நடக்கும். கொள்ளைக்காரர் வேடமிட்டவர்கள் நகரத்தைப் ‘பிடிப்பார்கள்’. நகர மேயர் சாவியை ஒப்படைப்பார். ஊர்வலத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்.

தாம்பாவுக்குப் போவது நடவாத காரியம். விமானக் கட்டணத்தைக் கேட்டாலே ஒரு வருடப் போனஸ் காணாமற்போகும். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் வேறு ஒன்று உண்டு. தாம்பா கொண்டாடும் ஹோசே கஸ்பர் என்ற கொள்ளைக்காரன் இருந்தான் என்பதற்கு எந்த ஆவணச் சான்றும் கிடைக்கவில்லை. கட்டிவிட்ட கதைதான். ‘கடற்கொள்ளைக்காரன்’ என்று ஐரோப்பியர் பெயர் சூட்டிய, நிஜமாகவே வாழ்ந்த ஒருவரின் ஊரோ ஓசூரில் இரவு ரயில் ஏறினால் காலைப் பலகாரத்துக்குள் வந்துவிடும். கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்திலுள்ள இரிங்கல் என்னும் ஊர் அது. குஞ்சாலி மரைக்காயரின் ஊர்.

கடல் யாருடையது?

குஞ்சாலி என்பது ஓர் ஆளின் பெயரன்று, பட்டம். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி தமது கடற்படைத் தலைவருக்குக் கொடுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர் பின் ஒருவராக நால்வர் அந்தப் பட்டத்தைத் தாங்கினார்கள். மரைக்காயர் என்ற சொல் மரக்கலத்திலிருந்து வந்தது என்பார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பமே சோழமண்டலக் கரையிலிருந்து போனதுதான் என்று சொல்வோரும் உண்டு. கொச்சியில் அரிசி வியாபாரம் செய்துவந்தவர்கள், போர்ச்சுக்கீசியரின் நெருக்கடி தாளாமல் சாமூதிரியின் பக்கம் சேர்ந்தார்கள். மலையாளக் கரைக்குத் தமிழ்க் கரையிலிருந்தும் அரிசி போய்க்கொண்டிருந்த காலம் அது.

நெருக்கடி என்பது என்ன? வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குள் போர்ச்சுக்கீசியர் ஒரு விதி செய்தார்கள். இந்தக் கடலில் போகும் கப்பல் எதுவானாலும் தங்களிடம் ‘கார்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், சரக்கை எடுத்துக்கொள்ளலாம், எதிர்த்தால் மூழ்கடிக்கலாம். பரம்பரை பரம்பரையாகக் கப்பல் ஓட்டியவர்கள், நேற்று வந்தவனிடம் சீட்டு வாங்க மறுத்தபோது, அவர்களுக்குக் கிடைத்த பெயர்தான் ‘கடற்கொள்ளைக்காரர்’. 1502இல் இரண்டாம் முறை வந்த வாஸ்கோ ட காமா, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பல் ஒன்றை வழிமறித்து, சரக்கை எடுத்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். அவரைப் பாடப் புத்தகம் மாலுமி என்றே அழைக்கிறது.

இந்தக் கரையில் கொள்ளைக்காரர்களே இல்லை என்று சொல்வதற்கில்லை. சேரன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவே பகைவரின் கடம்ப மரத்தை வெட்டியதைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. அந்தப் பகைவர் கடற்கொள்ளையரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரோமானியரான பிளினியும் முசிறிக்கு அருகில் கொள்ளையர் பயம் உண்டு என்று எழுதிவைத்தார். குஞ்சாலிகளின் படகுகளும் எதிரியின் சரக்கைக் கண்டால் விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்துக் கடற்போரில் சரக்கைப் பிடிப்பதும் ஒரு பாகம். இரு தரப்பும் செய்ததுதான். ஒரு தரப்புக்கு மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெரிய பீரங்கிகளோடு மெதுவாகத் திரும்பும் போர்ச்சுக்கீசியக் கப்பலை, துடுப்பும் பாயும் கொண்ட சிறு படகுகள் கூட்டமாகப் போய்ச் சூழ்ந்துகொள்ளும். அடித்துவிட்டு, பெரிய கப்பல் நுழைய முடியாத ஆற்று முகத்துக்குள் மறைந்துவிடும். இந்த உத்தியை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தாக்குப்பிடித்தார்கள்.

ராமநாதபுரத்துக் கரையில் ஒரு போர்

பொம்மசந்திராவில் ராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள் இருந்தால் அவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை என்று ஒரு மீனவர் கிராமம் இருக்கிறது. ராமேசுவரம் போகும்போது தாண்டிப் போகிற ஊர். 1538ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மரைக்காயர்களின் கப்பற்படை இலங்கைக்குப் போகும் வழியில் அங்கே தங்கியிருந்தது. இலங்கையில் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னை, போர்ச்சுக்கீசியரின் ஆதரவு பெற்ற தன் அண்ணனை எதிர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உதவத்தான் படை புறப்பட்டது. மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசா என்ற போர்ச்சுக்கீசியத் தளபதி துரத்தி வந்து வேதாளையில் தாக்கினான். மரைக்காயர் படைக்குப் பலத்த தோல்வி. மலையாளத்துச் சரித்திரம் என்று எண்ணப்படுகிற கதையின் ஒரு முக்கிய அத்தியாயம் இப்படித் தமிழ்க் கரையில் நடந்தது.

கன்னட நாட்டுக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. மங்களூரை அடுத்த உள்ளாலை ஆண்ட ராணி அப்பக்கா போர்ச்சுக்கீசியருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போராடியவர். அவருக்குத் துணையாகச் சாமூதிரியின் தளபதி குட்டி போக்கர் மரைக்காயர் 1570 வாக்கில் படகுகளோடு வந்து மங்களூர்க் கோட்டையைத் தாக்கினார். திரும்பும் வழியில் போர்ச்சுக்கீசியர் கையில் உயிரை விட்டார். அப்பக்கா நினைவாக உள்ளாலில் உற்சவம் நடத்தும் வழக்கம் உண்டு. இரிங்கலுக்குப் போக வசதிப்படாதவர்கள் அந்த உற்சவத் தேதியை விசாரித்துக்கொண்டு மங்களூர்ப் பக்கம் போகலாம்.

காட்டிக்கொடுத்தது யார்?

1571இல் சாலியத்தில் இருந்த போர்ச்சுக்கீசியக் கோட்டையைச் சாமூதிரியின் படை பிடித்து இடித்தது. அதன் பிறகு மூன்றாம் குஞ்சாலி, கோட்டைப்புழை ஆற்று முகத்தில் தமக்கென ஒரு கோட்டை கட்டிக்கொள்ளச் சாமூதிரியின் அனுமதி பெற்றார். அந்த இடம்தான் இன்றைய இரிங்கல் கோட்டக்கல். அவருக்குப் பின் வந்த நான்காம் குஞ்சாலி முகம்மது அலி மரைக்காயர் காலத்தில் அரசனுக்கும் தளபதிக்கும் இடையே விரிசல் விழுந்தது. தளபதி தம்மைக் கடலின் அதிபதி என்று அழைத்துக்கொள்கிறார் என்று அரண்மனைக்குச் செய்தி போயிற்று. சாமூதிரியின் யானை ஒன்றின் வாலைக் குஞ்சாலி வெட்டினார் என்றும் ஒரு கதை. மெய்யோ பொய்யோ, ராஜ சபையில் இந்த மாதிரிக் கதைகளுக்குக் கால் முளைக்க வெகு நேரம் ஆகாது. நூறு வருடப் பகையாளியான போர்ச்சுக்கீசியரோடு சாமூதிரி கை கோத்தார்.

1599இல் கடல் வழியே வந்த முதல் தாக்குதலைக் குஞ்சாலி முறியடித்துவிட்டார். அடுத்த ஆண்டு அந்திரே ஃபுர்த்தாடோ என்பவன் தலைமையில் போர்ச்சுக்கீசியர் கடற்பக்கத்தை அடைத்தார்கள். நிலப்பக்கத்தைச் சாமூதிரியின் நாயர் படை அடைத்தது. உள்ளே தானியம் தீர்ந்தது. உயிருக்குத் தீங்கில்லை என்று சாமூதிரி வாக்குக் கொடுத்த பிறகு, 1600 மார்ச் மாதத்தில் குஞ்சாலி வெளியே வந்தார். தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, வாளின் முனையைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்து, நேரே தம் அரசரிடம் போய் வாளை ஒப்படைத்தார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அந்த இடத்திலேயே ஃபுர்த்தாடோ அவரைப் பிடித்துக்கொண்டான். கொடுத்த வாக்கு போயிற்றே என்று சாமூதிரியின் நாயர் வீரர்களே கொதித்தெழுந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. குஞ்சாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். உடலைத் துண்டு போட்டார்கள். தலையை உப்பில் பதமிட்டு, கண்ணூருக்கு அனுப்பி, பார்ப்பவர் பயப்படும்படி கம்பத்தில் வைத்தார்கள்.

தாம்பாவில் மேயர் சாவியை நீட்டுவது விளையாட்டு. இரிங்கலில் வாளை நீட்டியது விளையாட்டில்லை. ஒரே மாதிரி உடை உடுத்தி இரண்டையும் ஆடிக் காட்டிவிட முடியாது என்பதாலோ என்னவோ, இங்கே கொள்ளைக்காரர் வேடத் திருவிழா எதுவும் தோன்றவில்லை. மம்பட்டி பிடித்தவரும் மீன் பிடித்தவரும் கதையைக் கதையாகவே வைத்துக் காப்பாற்றினார்கள். 1967இல் மலையாளத்தில் ‘குஞ்ஞாலி மரைக்கார்’ என்று படம் வந்தது. 2021இல் பிரியதர்சன் இயக்கத்தில் மோகன்லால் நடித்த படம் வந்தது. அதில் பிரபுவும் அர்ஜுனும் இருந்ததால் தமிழர்களும் ஓரளவு பார்த்தார்கள். சரித்திரத்தைவிடச் சண்டை அதிகம் என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்திய அரசாங்கம் இந்தப் பழிப் பெயரை ஏற்கவில்லை. பம்பாய் கொலாபாவில் கடற்படைத் தளம் ஒன்றுக்கு ‘ஐ.என்.எஸ். குஞ்சாலி’ என்று பெயர். அதே நகரத்தில் இன்னொரு கடற்படைத் தளத்துக்கு ‘ஐ.என்.எஸ். ஆங்ரே’ என்று பெயர். ஆங்கிலேயர் கொள்ளைக்காரன் என்று வைத மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் பெயர் அது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் குஞ்சாலி மரைக்காயர் நினைவாகத் தபால் தலையும் வெளியிடப்பட்டது.

இரிங்கலில் என்ன இருக்கிறது?

பெரிய கோட்டையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 1600இல் போர்ச்சுக்கீசியர் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கோட்டக்கல், கோட்டைப்புழை என்ற பெயர்களில்தான் கோட்டை மிஞ்சியிருக்கிறது. மரைக்காயர் வீட்டின் எஞ்சிய பகுதியைக் கேரள அரசின் தொல்பொருள் துறை சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. பழைய வாள்கள், பீரங்கிக் குண்டுகள் பார்க்கலாம். அரை மணியில் பார்த்து முடித்துவிடலாம். அவசரப்படாமல் பார்ப்பது நல்லது. கடற்படை எழுப்பிய நினைவுத் தூண் ஒன்றும் அங்கே உண்டு. கோட்டக்கல் பள்ளிவாசலில் குஞ்சாலியுடையவை என்று சொல்லப்படும் பொருள்களைப் பாதுகாத்து வருகிறார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஆற்று முகத்துக்குப் போய் நின்றால்தான் விஷயம் விளங்கும். சிறு படகு எங்கே நுழைந்து ஒளியும், பெரிய கப்பல் எங்கே தட்டி நிற்கும் என்பதைக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். வானம் தெளிவாக இருந்தால் கடலில் தூரத்தே வெள்ளியாங்கல்லு என்ற பாறை தெரியும். ஆங்கிலேயர் அதைப் ‘பலிப் பாறை’ என்ற பொருளில் அழைத்தார்கள். பிடிபட்ட போர்ச்சுக்கீசியர் அங்கே வெட்டப்பட்டார்கள் என்பது செவிவழிச் செய்தி. பக்கத்துக் கொளாவிக் கடற்கரை, ஆமை முட்டைகளை உள்ளூர் மீனவர்களே காவல் காத்துக் குஞ்சு பொரிக்கவைத்துக் கடலில் விடும் இடம்.

திருவிழா வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கும் இரிங்கலில் வழி இருக்கிறது. கைவிடப்பட்ட ஒரு கல் குவாரியைத் திருத்தி, ‘சர்காலயா’ என்ற கைவினைக் கிராமம் 2011இல் அங்கே திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி வாரத்தையொட்டித் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை அங்கே சர்வதேசக் கைவினைத் திருவிழா நடக்கும். பல மாநிலங்களிலிருந்தும் அயல் நாடுகளிலிருந்தும் கைவினைஞர்கள் வந்து கண்ணெதிரே வேலை செய்து காட்டுவார்கள். தாழை ஓலைப் பாய், தேங்காய்ச் சிரட்டைப் பொருள்கள், மண்பாண்டம், கைத்தறி எல்லாம் உண்டு. மாலையில் கலை நிகழ்ச்சிகள் இருக்கும்.

இந்தக் கிராமத்தை நடத்துவது ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது பொம்மசந்திரா வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். ஊராளுங்கல் தொழில் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் வழி நடந்ததற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிக்காரர்கள், 1925இல் தாங்களே சேர்ந்து தொடங்கியது. சாலையும் பாலமும் போட்டு வளர்ந்து, இன்று கோழிக்கோட்டில் சொந்தமாகக் கணிப்பொறி நிறுவனங்களுக்கான பூங்கா நடத்துகிறது. காண்டிராக்டரிடம் கூலி வாங்கிக் காலம் தள்ளுகிறவர்கள், தொழிலாளிகளே காண்டிராக்டராக இருந்து நூறு ஆண்டு கண்ட கதையை அந்த ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓசூரில் ஏறுவதே உத்தமம்

யஷ்வந்தபுரத்திலிருந்து தினமும் இரவு புறப்படும் கண்ணூர் எக்ஸ்பிரஸ், ஓசூர், தருமபுரி, சேலம், கோவை, பாலக்காடு, கோழிக்கோடு வழியாகக் காலையில் வடகரை போய்ச் சேருகிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ வந்த பிறகு, பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி யஷ்வந்தபுரம் போவது சுலபமாகிவிட்டது. ஆனால் அந்த வண்டி திரும்ப ஓசூருக்குத்தானே வருகிறது? வடக்கே போய்த் தெற்கே வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். யஷ்வந்தபுரத்திலிருந்தே டிக்கெட் எடுத்தாலும், ஏறுமிடம் ஓசூர் என்று பதிவு செய்துகொள்ள வசதி இருக்கிறது. சனிக்கிழமை மாலை அத்திப்பள்ளியில் வண்டிகள் தேங்கி நிற்கும் என்பதை மறக்காமல் முன்கூட்டியே பஸ் ஏற வேண்டும்.

மைசூர் வழியாகப் பஸ்ஸும் உண்டு. மலைப்பாதை வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுக்கும். பண்டிப்பூர் காட்டு வழியில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் இருப்பதால் நேரக் கணக்கு தவறக்கூடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ரயிலே மேல்.

ஊர்ப் பெயரில் ஒரு எச்சரிக்கை: கோட்டக்கல் என்று சொல்லி விசாரித்தால், ஆர்ய வைத்தியசாலை இருக்கிற மலப்புரம் ஜில்லாக் கோட்டக்கல்லுக்கு வழி காட்டிவிடுவார்கள். அது வேறு ஊர், வெகு தூரம். ‘வடகரை, இரிங்கல்’ என்றே கேட்க வேண்டும். வடகரை ஸ்டேஷனிலிருந்து இரிங்கல் ஏழெட்டுக் கிலோமீட்டர். பய்யோளி, கோழிக்கோடு பக்கம் போகும் பஸ்கள் தேசிய நெடுஞ்சாலை வழியே போகின்றன. ஆறேழு பேராக இருந்தால் ஆட்டோ கட்டுப்படியாகும்.

காலையில் மரைக்காயர் வீடு, பிறகு ஆற்று முகம், வெயில் ஏறியதும் கைவினைக் கிராமம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். சாப்பாட்டில், கல்லில் ஒட்டி வளரும் கல்லும்மக்காயை அரிசி மாவு அடைத்து வேகவைத்துப் பொரித்துத் தருவார்கள். இந்தப் பக்கத்தின் தனிப் பண்டம். மீன் பழக்கமில்லாதவர்கள் அதில் துணிச்சல் காட்டாமல் இருப்பது திரும்பும் பிரயாணத்துக்கு நல்லது. மாலை கண்ணூரிலிருந்து வரும் யஷ்வந்தபுரம் வண்டியை வடகரையில் பிடித்தால் திங்கள் விடியற்காலையில் ஓசூர். இரண்டாம் ஷிஃப்ட்காரர்களுக்குக் கவலையில்லை. ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் குளித்துவிட்டுப் போய்விடலாம். முதல் ஷிஃப்ட்காரர்கள் மட்டும் யாரிடமாவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கும்.

லீவு விஷயத்தில்தான் யோசனை தேவை. இருக்கிற லீவு பொங்கலுக்கு ஊருக்குப் போகவே போதாது. தினக்கூலிக்காரருக்கு லீவு என்றால் கூலியும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே முடிகிற இந்தப் பிரயாணம் தோதானது. அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதாலும் ஞாயிறே பொருந்தும். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரத்தில் பெங்களூர் மலையாளிகள் ஊருக்குப் போவதால் அந்த வண்டியில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜனவரி முதல் ஞாயிறு நல்லது. அதற்குள் திருவிழா முடியாமல் இருக்கிறதா என்பதை அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2024 நவம்பர் முதல் ரயில் டிக்கெட்டை அறுபது நாள் முன்னால் இருந்துதான் எடுக்க முடியும். அப்படியானால் ஜனவரி முதல் சனிக்கிழமைக்கு நவம்பர் முதல் வாரத்திலேயே எடுத்தாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் மறுநாளே எடுத்துவிட வேண்டும். தத்காலை நம்பி உட்காருகிறவர்கள், இணையத்தில் தத்கால் எடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் இணைப்பு அவசியம் என்பதால், அதை இப்போதே முடித்துக்கொள்வது நல்லது.